பட்டியலுக்குள் பட்டியல்: கைப்பேசிச் செயலியில் தடுமாற்றம் எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது

எம்ஆர்டி ரயில் பாதைகள், பாதைக்குள் நிலையங்கள், நிலையத்துக்குள் வெளிவாசல்கள். சிங்கப்பூரில் செயலி எழுதுபவர் கைக்கு இப்படி ஒரு அடுக்குப் பட்டியல் என்றாவது வந்து சேரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நகரம், புளோக், மாடி என்றாலும் சரி, உணவங்காடி நிலையம், கடை, சாப்பாடு என்றாலும் சரி, வரும் கோளாறுகள் அதேதான். புகார் மட்டும் எப்போதும் "லிஸ்ட் சரியா வேலை செய்யல" என்ற ஒரே வரியில் வரும். அந்த வரிக்குள் மூன்று வேறு வேறு பிரச்சினைகள் இருக்கலாம்: தொட்டது போய்ச் சேரவில்லை, தொட்டது ஒன்று திறந்தது வேறொன்று, திரும்பி வந்தால் இருந்த இடம் காணவில்லை. எது என்று பிரிக்காமல் கோடில் (நிரலில்) கை வைத்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று உடையும்.

முதலில் பிரித்துப் பாருங்கள்

ஆண்ட்ராய்டில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, 'ஷோ டேப்ஸ்', 'ஷோ லேஅவுட் பவுண்ட்ஸ்' இரண்டையும் போடுங்கள். விரல் வைத்த இடத்தில் புள்ளி தெரிகிறது, வரிசை அசையவில்லை என்றால் அது தொடுதல் பிரச்சினை. பெரும்பாலும் அம்புக்குறி ஐகானின் 24 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) பரப்புக்கு மட்டும் கிளிக் கொடுத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி, ஐபோனில் 44 பாயின்ட் வேண்டும். வரிசை முழுவதையுமே தொடக்கூடியதாக ஆக்கிவிடுவது இன்னும் நல்லது.

வரிசை அசைகிறது, ஆனால் வேறொன்று திறக்கிறது என்றால் அடையாளப் பிரச்சினை. எல்லாம் ஒழுங்காக ஓடி, வாட்ஸ்அப் பார்த்துவிட்டு வரும்போது மட்டும் கெடுகிறது என்றால் நிலையைச் சேமிப்பதில் ஓட்டை. இதை வரவழைக்க, செயலியிலிருந்து ஹோமுக்குப் போய், கணினியிலிருந்து ஏடிபி என்ற கட்டளைக் கருவி மூலம், புராசஸை நிறுத்தும் 'ஏஎம் கில்' கட்டளையைப் பேக்கேஜ் பெயரோடு கொடுத்து, ரீசன்ட்ஸ் வழியாகத் திரும்பத் திறங்கள். 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' போட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. அது ஆக்டிவிட்டி என்னும் திரையைத்தான் அழிக்கும், செயலி ஓடும் புராசஸ் உயிரோடு இருக்கும். சிங்கிள்டனில் (புராசஸ் முழுவதற்கும் பொதுவான ஒரே பொருளில்) வைத்த தகவல் அப்படியே கிடைப்பதால் ஓட்டை மறைந்துவிடும்.

தொட்டது ஒன்று, திறந்தது வேறொன்று

அதிக நேரத்தைத் தின்பது இதுதான். விரிந்திருக்கும் வரிசைகளை வரிசை எண்ணை வைத்து நினைவில் கொள்வதுதான் வழக்கமான காரணம். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் வடக்கு-தெற்கு 0, கிழக்கு-மேற்கு 1, வடகிழக்கு 2, வட்டப் பாதை 3. வடகிழக்கை விரித்ததும் அதன் 17 நிலையங்கள் நடுவில் நுழைகின்றன. வட்டப் பாதை 20-க்குத் தள்ளப்படுகிறது. '3 விரிந்திருக்கிறது' என்று முன்பு எழுதிவைத்த குறிப்பு இப்போது வடகிழக்கின் முதல் நிலையத்தைக் காட்டும். ஆண்ட்ராய்டில் பட்டியல் காட்டும் ரிசைக்ளர் வியூவில் பைண்ட் செய்யும்போது (வரிசையில் தகவலை நிரப்பும்போது) பிடித்துவைத்த எண்ணைக் கிளிக்கில் பயன்படுத்துவதும் இதே தவறுதான். கிளிக் ஆகும் நொடியில் 'பைண்டிங் அடாப்டர் பொசிஷன்' கேளுங்கள். அசைவு நடந்துகொண்டிருக்கும்போது அது -1 தரக்கூடும், அந்தக் கிளிக்கை விட்டுவிடுங்கள். சோதிக்காவிட்டால் வேகமாகத் தட்டுபவர் கையில் செயலி கிராஷ் ஆகும்.

எண்ணுக்குப் பதில் ஐடி வைத்தால் பாதிதான் தீரும். தோபி காட் நிலையத்தைப் பாருங்கள். அது வடக்கு-தெற்கு, வடகிழக்கு, வட்டப் பாதை மூன்றிலும் வருகிறது. சர்வர் மூன்று இடத்திலும் ஒரே ஐடியை அனுப்பினால், ஒன்றை விரிக்கும்போது மற்ற இரண்டும் சேர்ந்து விரியும். ஆண்ட்ராய்டில் திரை வரையும் கம்போஸின் லேசி காலத்தில் (LazyColumn என்ற செங்குத்துப் பட்டியலில்) அந்த ஐடியையே வரிசையின் அடையாளமான கீயாகக் கொடுத்திருந்தால், கீ ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லிச் செயலி விழும். அதுவும் இரண்டு தோபி காட்டும் ஒரே நேரத்தில் திரைக்கு வரும்போதுதான். அதனால்தான் டேப்லெட்டில் விழுவது சின்ன ஃபோனில் விழாது. "என் ஃபோன்ல வரலையே" என்ற வாதமும் நீளும். இரண்டு ஃபோன்களுக்கும் சேர்த்துச் செயலி எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில் எச்சரிக்கை வரும், வரிசை இரட்டிக்கவோ காணாமல் போகவோ செய்யும். ஐபோனில் திரை வரையும் ஸ்விஃப்ட்யூஐயில் பெயரையே ஐடியாகக் கொடுத்தாலும் இதே கதிதான்.

கீ என்பது அந்த இடத்துக்கு வந்த முழு வழியாக இருக்கவேண்டும் (இதுதான் பாதைக் கீ): எம்ஆர்டி பாதையின் ஐடி, ஒரு சாய்கோடு, நிலையத்தின் ஐடி, இன்னொரு சாய்கோடு, வாசலின் ஐடி. சாதாரண ஸ்ட்ரிங்காகவே வையுங்கள். ஆண்ட்ராய்டில் லேசி காலத்தின் கீயை பண்டிலில் (நிலையைச் சேமிக்கும் பொதியில்) சேமிக்க முடியவேண்டும், கண்ட கிளாஸையும் கீயாகக் கொடுத்தால் அதற்கும் விழும்.

ஐடிக்குப் பதில் திரையில் தெரியும் பெயர்களைக் கோத்துக் கீ செய்பவர்கள் உண்டு. நான்கு மொழிகளில் வெளிவரும் சிங்கப்பூர்ச் செயலியில் அது கண்ணிவெடி. பயனர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறியதும் எல்லாப் பெயரும் மாறும், விரித்துவைத்த அத்தனையும் மூடிக்கொள்ளும். மூன்றாம் அடுக்கில் இருக்கும்போது மொழியை மாற்றிப் பார்ப்பதைச் சோதனைப் பட்டியலில் கட்டாயம் சேருங்கள். மொழி மாறினால் ஆண்ட்ராய்டு வழக்கமாக ஆக்டிவிட்டியையும் புதிதாக உருவாக்கும் என்பதால், ஒரே சோதனையில் இரண்டு ஓட்டைகள் தெரியும்.

இதே குடும்பத்தில் ஒரு சின்னக் கோளாறு: விரிக்காத வரிசையில் அம்புக்குறி கீழ்நோக்கித் திரும்பி நிற்கும். மறுபயன்பாட்டுக்கு வந்த வியூவில் பழைய சுழற்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பைண்டில் 'விரிந்தால் 90 டிகிரி' என்று மட்டும் எழுதாமல் 'இல்லாவிட்டால் 0' என்பதையும் எழுதுங்கள். செக்பாக்ஸ் இருந்தால், மதிப்பை வைக்கும் முன் லிசனரை (மாற்றத்தைக் கவனிக்கும் பகுதியை) null ஆக்கி, வைத்தபின் திரும்பப் போடுங்கள்.

ஸ்க்ரோல் பிடிக்கவில்லை

செங்குத்துப் பட்டியலுக்குள் இன்னொரு செங்குத்துப் பட்டியல் வைக்காதீர்கள். கம்போஸில் செங்குத்தாக ஸ்க்ரோல் ஆகும் காலம் (Column) ஒன்றுக்குள் லேசி காலத்தை உயர எல்லையில்லாமல் வைத்தால் உடனே விழும். ரிசைக்ளர் வியூவில் விழாது, அதுதான் ஆபத்து: 'ராப் கன்டென்ட்' (உள்ளடக்கத்துக்கேற்ற உயரம்) கொடுத்த உள்பட்டியல் எல்லா வரிசைகளையும் ஒரேயடியாக உருவாக்கிவிடும், 500 வரிசை வந்ததும் ஃபோன் திணறும். ரியாக்ட் நேட்டிவில் ஸ்க்ரோல்வியூவுக்குள் ஃபிளாட்லிஸ்ட் வைத்தாலும் இதுதான் நடக்கும். அங்கே எச்சரிக்கையாவது வரும்.

அடுக்கு மரத்தைத் தட்டையாக்குவதுதான் தீர்வு. தெரியவேண்டிய வரிசைகளை மட்டும் ஒரே பட்டியலாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஆழம் என்று ஓர் எண் வையுங்கள். உள்தள்ளல் அந்த எண்ணைப் பொறுத்து வரட்டும். உள்ளே கிடைமட்டப் பட்டியல் இருப்பதில் தவறில்லை. ஆனால் வரிசை மறுபயன்பாட்டுக்குப் போகும்போது அதன் ஸ்க்ரோல் நிலையைப் பாதைக் கீயோடு சேமித்து, பைண்டில் திரும்பக் கொடுக்கவேண்டும்.

பேக் அழுத்தினால்

ஒவ்வொரு அடுக்கையும் தனித் திரையாகத் திறக்கும் செயலிகளில், இருமுறை தட்டினால் ஒரே திரை இரண்டு தடவை திறக்கும். அதைத் தடுக்கப் பலரும் ஆண்ட்ராய்டில் திரை மாற்றும் ஜெட்பேக் நேவிகேஷனில் 'லான்ச் சிங்கிள் டாப்' போடுகிறார்கள். எல்லா அடுக்குக்கும் ஒரே திரையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அது பெரிய வினையாகும். மேலே இருப்பது அதே திரை என்பதால், புதிதாக அடுக்காமல் இருப்பதன் ஆர்க்யுமென்டை (திரைக்குக் கொடுத்த தகவலை) மட்டும் மாற்றிவிடும். நிலையத்திலிருந்து பேக் அழுத்தினால் பாதைக்குப் போகாமல் நேரே முகப்புக்குப் போய் நிற்கும். 'இரண்டு அடுக்கைத் தாவுது' என்ற புகார் வந்தால் முதலில் இதைத் தேடுங்கள். இருமுறை தட்டலுக்குச் சரியான காவல், நேவிகேட் செய்யும் முன் தற்போதைய திரையின் லைஃப்சைக்கிள் 'ரெஸ்யூம்ட்' நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது.

ஐபோனில் யூஐகிட் (ஸ்விஃப்ட்யூஐக்கு முந்தைய திரைக் கருவி) செயலியில் சொந்தமாகப் பேக் பட்டன் வைத்தால் ஓரத்திலிருந்து இழுத்துத் திரும்பும் வசதி போய்விடும். அடுக்கு ஆழமாக இருக்கும்போது மக்கள் பட்டனைத் தேடமாட்டார்கள், ஓரத்தைத்தான் இழுப்பார்கள். கூடுமானவரை சிஸ்டம் கொடுத்த பட்டனையே விட்டுவையுங்கள். ஐஓஎஸ் 16 முதல் ஸ்விஃப்ட்யூஐயில் உள்ள நேவிகேஷன் ஸ்டாக்கில், போகுமிடத்தை அறிவிக்கும் மாடிஃபயரை லிஸ்ட்டின் வரிசைக்குள் எழுதாமல் லிஸ்ட்டுக்கு வெளியே எழுதுங்கள். உள்ளே எழுதினால் தட்டியும் திறக்காமல் போகலாம்.

இருந்த இடத்துக்கே திரும்ப

சேமிக்கவேண்டியது விரிந்த பாதைக் கீக்களும் ஸ்க்ரோல் நிலையும் மட்டுமே. மரத்தையே பண்டிலில் திணிப்பவர்களுக்கு பைண்டரின் (ஆண்ட்ராய்டில் புராசஸ்களுக்கிடையே தகவல் கடத்தும் வழியின்) 1 எம்பி எல்லை காத்திருக்கிறது. அந்த இடம் புராசஸின் எல்லாப் பரிமாற்றங்களுக்கும் பொதுவானது, முழு 1 எம்பியும் உங்களுக்குக் கிடைக்காது.

சேமித்தும் பட்டியல் உச்சியிலேயே நிற்கிறது என்றால், தரவு வரும் முன்பே நிலை திரும்பக் கொடுக்கப்பட்டிருக்கும். காலிப் பட்டியலில் 40-ஆம் வரிசை ஏது? ரிசைக்ளர் வியூ 1.2.0 முதல் அடாப்டருக்கு 'பிரிவென்ட் வென் எம்ப்டி' என்ற கொள்கை உண்டு, ஒரே வரியில் தீரும். கம்போஸில் தரவு வரும்வரை லேசி காலத்தையே வரையாமல் லோடிங் காட்டுங்கள். ஸ்க்ரோல் நிலையை வைத்திருக்கும் மாறி அந்த இஃப்-க்கு வெளியே இருக்கட்டும்.

தமிழ் வரிசையில் மட்டும் வரும் தொல்லை

வரிசை உயரத்தை 48 டிபி என்று நிலையாக வைத்தால் ஆங்கிலத்தில் அழகாக இருக்கும்; தமிழில் எழுத்தளவைக் கூட்டியதும் 'கீ' எழுத்தின் சுழி மேலேயும் 'ரூ'வின் வால் கீழேயும் வெட்டுப்படும். 48 குறைந்தபட்சமாக இருக்கட்டும், உயரம் எழுத்துக்கேற்ப வளரட்டும். ஆண்ட்ராய்டு 14-இல் எழுத்தளவு 200 விழுக்காடு வரை போகும், அங்கே வைத்தே பாருங்கள். அகலக் கணக்கும் போட்டுவிடுங்கள்: 360 டிபி திரையில் ஓரங்களுக்கு 32, அம்புக்குறிக்கு 48, மூன்று உள்தள்ளலுக்கு 24 வீதம் 72 போனால் மிச்சம் 208. கடைசி அடுக்கின் நீளமான பெயரும் அதற்குள் அடங்கவேண்டும். எழுத்துக்கு மிச்ச இடம், அம்புக்குறிக்கு நிலையான இடம் என்று கொடுக்காவிட்டால் நீளமான பெயர் அம்புக்குறியைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். இதற்கு மேல் ஓர் அடுக்கு தேவைப்பட்டால் உள்தள்ளாதீர்கள், புதுத் திரை திறங்கள்.

டாக்பேக் (திரையை வாசித்துச் சொல்லும் வசதி) போட்டு ஒரு நிலையத்தை விரித்துப் பாருங்கள். ஃபோகஸ் அந்த வரிசையிலிருந்து வேறெங்காவது குதித்தால், முழுப் பட்டியலையும் புதுப்பிக்கும் 'நோட்டிஃபை டேட்டாசெட் சேஞ்ச்ட்' எங்கோ இருக்கிறது. மாறியதை மட்டும் கண்டுபிடிக்கும் டிஃப்யூடில் வழியாக நுழைந்த வரிசைகளை மட்டும் தெரிவித்தால் ஃபோகஸ் இருந்த இடத்திலேயே நிற்கும். 'விரிந்துள்ளது', 'மூடியுள்ளது' என்ற நிலை விளக்கங்களையும் தமிழ் ஸ்ட்ரிங் ஃபைலில் சேருங்கள். அவை இல்லாவிட்டால் பெயர் தமிழிலும் நிலை ஆங்கிலத்திலுமாக வாசிக்கப்படும்.