முன்கட்டை சரியாக உட்காராவிட்டால் குறி அலையும்

ஒரு தடவைக்கு ஒரு ரவை மட்டும் போடும் ரைபிளில் பெரும்பாலும் கட்டை இரண்டு துண்டாக இருக்கும். தோளில் முட்டுவது பின்கட்டை, குழலுக்குக் கீழே கை பிடிப்பது முன்கட்டை. குறி அலைகிறது என்றால் எல்லோரும் முதலில் ரவையைச் சந்தேகப்படுகிறார்கள், அப்புறம் தொலைநோக்கியை. முன்கட்டையைக் கழற்றிப் பார்ப்பவர்கள் குறைவு.

சுடும்போது குழல் அதிரும். அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் ரவைகளும் பக்கத்தில் பக்கத்தில் விழும். முன்கட்டை குழலை அழுத்துவதுகூடப் பெரிய குற்றமில்லை, அந்த அழுத்தம் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக மாறுவதுதான் கெடுதல். எங்கள் மட்டக்களப்பில் இதை விளக்க ஒரு கதவு போதும். மார்கழி மழையில் வாவிக்கரை வீட்டுக் கதவு நிலையோடு இறுகித் திறக்கவே மாட்டாது, கச்சான் காற்று அடிக்கிற ஆடியில் அதே கதவு கடகடவென்று ஆடும். மரம் நீளத்தில் அவ்வளவு மாறாது, குறுக்கே ஊதும், குறுக்கே சுருங்கும். துவக்கு மரமும் மரம்தானே.

சரி, வேலைக்கு வருவோம். அனுமதிப்பத்திரம் உள்ள துவக்காக இருக்க வேண்டும், அது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். துவக்கைத் திறந்து, குழலின் பின்னால் ரவை உட்காரும் அறையைக் கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தடவுங்கள். ரவைகளை வேறு அறையில் வையுங்கள்.

ஒரு ரூபாய் நோட்டைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நுழைத்து, முனையிலிருந்து பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே மரம் தொடுகிறது. ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முன்கட்டையைக் கழற்றி, குழலின் அடிப்பக்கத்தில் குப்பி விளக்கின் புகைக்கரியை மெல்லிசாகப் பூசுங்கள். கையால் பட்டும் படாமலும் பூச வேண்டும், தடித்தால் பொய் சொல்லும். கட்டையைத் திரும்பப் பூட்டிக் கழற்றினால் மரத்தின் பள்ளத்தில் கறுப்புப் பொட்டுகள் தெரியும். அந்தப் பொட்டை மட்டும் சாண்ட் பேப்பரால் தேயுங்கள், உளியை எடுக்காதீர்கள். மறுபடி கரி, மறுபடி பூட்டு, மறுபடி தேய்ப்பு. ஏழெட்டுத் தடவை ஆகலாம். தேய்த்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் அவசரம் வேண்டாம்.

எந்த வகைத் துவக்கு என்பதும் முக்கியம். 1967இல் வந்த ரூகர் நம்பர் 1 ரைபிளில் ரிசீவரிலிருந்து, அதாவது குழல் பூட்டியிருக்கும் இரும்பு உடலிலிருந்து, முன்னே நீளும் ஓர் இரும்புத் தண்டில் முன்கட்டை பூட்டப்படுகிறது, அதனால் குழலைத் தொடாமல் விடுவது முடிகிற காரியம். பழைய வின்செஸ்டர் 1885 போன்றவற்றில் முன்கட்டையைப் பூட்டும் திருகாணி குழலுக்கே போகிறது. அங்கே ஆணி இருக்கும் இடத்தில் மட்டும் மரம் உறுதியாக உட்கார்ந்து, மற்ற இடமெல்லாம் விலகி இருந்தால் போதும்.

ஆணியை எவ்வளவு முறுக்குவது? நான் ஆரம்பத்தில் இறுக்கினால் நல்லது என்று பலம் போட்டு முறுக்கினேன், ரவைகள் மேலும் கீழுமாகச் சிதறின. இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். ஆணித் தலையிலும் பக்கத்திலும் பெயின்ட்டால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வரலாம்.

தேய்த்த உட்பக்கத்துக்கு வார்னிஷ் பூச மறக்காதீர்கள், வெளியே பளபளக்க உள்ளே பூச்சில்லாத மரமாக விட்டால் மழைக்காலம் அதன் வழியாகத்தான் நுழையும்.

அப்புறம் அனுமதி உள்ள சுடுதளத்தில் 50 மீட்டரில் ஐந்து ரவை, ஆறவிட்டு இன்னும் ஐந்து. முன்கட்டையை எப்போதும் ஒரே இடத்தில் மணல்பையில் வையுங்கள், குழலை வைக்காதீர்கள். பெரிய ரவைத் துவக்கில் குழல் சூடேற ஏற அடிகள் ஒரே பக்கமாக நகர்ந்தால் இன்னும் எங்கோ மரம் தொடுகிறது, கரி விளக்குக்குத் திரும்புங்கள். .22 என்கிற சின்ன ரவைத் துவக்கில் சூடு குறைவு, அதில் ஈரமும் ஆணியும்தான் பெரும்பாலும் காரணம். அடி விழுந்த தாளில் தேதியை எழுதி வையுங்கள். மார்கழியில் சுட்டதை ஆடியில் சுட்டதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.