யூ-பூட்டில் நெட்வொர்க் சேர்ப்பது எப்படி

ஓசூரில் சொந்தமாக கன்ட்ரோலர் போர்டு செய்பவர்களுக்கான குறிப்பு இது. லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாற்றும் ஒவ்வொரு முறையும் எஸ்டி கார்டைப் பிடுங்கிச் சொருகினால் நேரமும் போகும், சாக்கெட்டும் தேயும். கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட்லோடரான யூ-பூட்டில் ஈதர்நெட்டை இயங்க வைத்துவிட்டால் புதிய கெர்னல் கேபிள் வழியே நேராக ரேமுக்கு வந்துவிடும். ஆனால் கோப்பை நெட்வொர்க் வழியே அனுப்பும் டிஎஃப்டிபியில் தொடங்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் கீழே, கேபிளின் சிக்னலைக் கையாளும் ஃபை சிப்புக்கும், பாக்கெட்டை அனுப்பிப் பெறும் ஹார்டுவேரான மேக்குக்கும் நடுவில் இருக்கும்.

தேவையானவை: போர்டின் சர்க்யூட் வரைபடம், ஃபை சிப்பின் டேட்டாஷீட், நான்கு ஜோடிக் கம்பியும் உள்ள கேபிள், யூஎஸ்பி-சீரியல் அடாப்டர். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் அடாப்டரை 3.3 வோல்ட் லாஜிக் என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் அடாப்டர் பிராசஸரின் பின்னை எரித்துவிடக்கூடும்.

முதலில் யூ-பூட்டின் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக். நெட்வொர்க், ஃபை நூலகம், உங்கள் மேக்குக்கான டிரைவர், ஃபை நிறுவனத்துக்கான டிரைவர் நான்கையும் இயக்குங்கள். பிங் (இணைப்புச் சோதனை), டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாகப் பெறுவது), ஃபையைப் படித்துப் பார்க்கும் எம்ஐஐ, எம்டிஐஓ கட்டளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவான ஃபை டிரைவரே போதும் என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அது லிங்கைக் காட்டும். ஆனால் ஆர்ஜிஎம்ஐஐ (மேக்கையும் ஃபையையும் இணைக்கும் டேட்டா வழி) கேட்கும் கிளாக் தாமதத்தை ஃபைக்குள் எழுதாது. லினக்ஸில் ஓடும் போர்டு யூ-பூட்டில் மட்டும் முரண்டு பிடித்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும்.

அடுத்து, போர்டில் என்னென்ன ஹார்டுவேர் எப்படி இணைந்திருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ. கிளாக், பின்மக்ஸ் (எந்தப் பின்னுக்கு எந்த வேலை), ஃபை முகவரி, ரீசெட் பின், ஃபை-மோட் (மேக்-ஃபை இணைப்பின் வகை) எல்லாம் வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும். ரீசெட்டை எவ்வளவு நேரம் தாழ்த்திப் பிடிப்பது, விட்டபின் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை டேட்டாஷீட் சொல்லும். அவசரப்பட்டுப் படித்தால் ஃபை பதில் தராது.

இனி எம்டிஐஓ, அதாவது ஃபையின் ரெஜிஸ்டர்களைப் படிக்கவும் எழுதவும் உள்ள கம்பி வழி. முகவரி 0 முதல் 31 வரை தேடி, ரெஜிஸ்டர் 2, 3 இரண்டையும் படியுங்கள். சிப்பின் அடையாள எண் அங்கே இருக்கும். எல்லா பிட்டும் 1 என்று வந்தால் அந்த முகவரியில் யாரும் இல்லை: ரீசெட், 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், எம்டிஐஓ கம்பியின் புல்-அப் ரெசிஸ்டர் என்று வரிசையாகப் பாருங்கள். அடையாளம் சரியாக வந்தபின் ரெஜிஸ்டர் 1-ஐ இருமுறை படியுங்கள். லிங்க் பிட் பழைய துண்டிப்பை நினைவில் வைத்திருக்கும், இரண்டாவது முறைதான் உண்மை தெரியும்.

லிங்க் வந்தும் பிங் போகவில்லையா? ஆர்ஜிஎம்ஐஐ போர்டில் இது அன்றாடம் பார்க்கும் காட்சி. ஜிகாபிட்டில் கிளாக் 125 மெகாஹெர்ட்ஸ். டேட்டாவோடு ஒப்பிட்டால் அது சுமார் 2 நானோநொடி தள்ளி வர வேண்டும். அந்தத் தாமதத்தைப் போர்டின் தடமோ, மேக்கோ, ஃபையோ யாராவது ஒருவர் மட்டுமே தர வேண்டும். இருவர் தந்தாலும் கெட்டது, ஒருவரும் தராவிட்டாலும் கெட்டது. தடத்தில் தாமதம் இல்லாத போர்டுக்குப் பெரும்பாலும் ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி (தாமதத்தை ஃபையே தரும் ஃபை-மோட்) பொருந்தும். 100 மெகாபிட்டில் ஓடி 1000-இல் படுத்தால் இந்த அமைப்பைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குமுன் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு ஜோடி மட்டும் உள்ள கேபிளில் 100 ஓடும், 1000 ஓடாது.

உங்கள் மேக்குக்கு டிரைவரே இல்லையென்றால் ஸ்டார்ட், சென்ட், ரெசீவ், ஃப்ரீ பேக்கெட், ஸ்டாப் என ஐந்து ஃபங்ஷன் எழுத வேண்டும். லினக்ஸ் டிரைவரை அப்படியே தூக்கி வராதீர்கள். யூ-பூட்டில் ஹார்டுவேர் தானே கூப்பிடும் இன்டரப்ட் கிடையாது, எல்லாமே திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும் போலிங். ரெஜிஸ்டர் விவரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

ஆளைச் சுற்றவிடுவது கேஷ், அதாவது ரேமில் உள்ளதன் நகலை வைத்திருக்கும் பிராசஸரின் வேக நினைவகம். பாக்கெட் ரேமில் எங்கே என்று மேக்குக்குச் சொல்லும் டிஸ்கிரிப்டர் 16 பைட், கேஷ் வரிசை 64 பைட் என்றால் ஒரே வரிசையில் நான்கு டிஸ்கிரிப்டர் உட்கார்ந்திருக்கும். ஒன்றை ஃப்ளஷ் செய்யும்போது (கேஷிலிருந்து ரேமுக்கு எழுதும்போது), பக்கத்து டிஸ்கிரிப்டரில் ஹார்டுவேர் அப்போதுதான் எழுதியதன் மேல் பழைய மதிப்பு ஏறிவிடும். முதல் சில பாக்கெட் வந்து பிறகு அப்படியே நின்றுபோவது இதன் அடையாளம். டேட்டா கேஷை அணைக்கும் கட்டளையைக் கொடுத்து மறுபடி பிங் செய்யுங்கள்; ஓடினால் குற்றவாளி அதுதான். கேஷ் இல்லாத நினைவகப் பகுதியில் டிஸ்கிரிப்டரை வையுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் முழு கேஷ் வரிசைக்கு நீட்டுங்கள். அணைத்தபடியே விட்டுவிடுவது தீர்வல்ல.

மேக் முகவரி (நெட்வொர்க்கில் போர்டின் அடையாள எண்) இல்லாமல் எதுவும் நகராது. சோதனைக்கு 02 என்று தொடங்கும் முகவரி ஒன்றைப் போர்டுக்குப் போர்டு வேறாகக் கொடுங்கள். ஒவ்வொரு பூட்டிலும் தற்செயல் முகவரி உருவாகும்படி விட்டால், டிஹெச்சிபி சர்வரின் லீஸ் பட்டியல் (கொடுத்த ஐபி முகவரிகளின் கணக்கு) சீக்கிரம் நிரம்பிவிடும்.

கம்ப்யூட்டருக்கு 192.168.10.1, போர்டுக்கு 192.168.10.20, மாஸ்க் 255.255.255.0 என்று வைத்து நேரடிக் கேபிளில் சோதியுங்கள். பிங் எப்போதும் போர்டிலிருந்துதான். நெட்வொர்க் கட்டளை ஓடும் நேரம் தவிர யூ-பூட் நெட்வொர்க்கைத் திரும்பிப் பார்க்காது. கம்ப்யூட்டரிலிருந்து பிங் செய்து பதில் வரவில்லை என்று போர்டைத் திட்ட வேண்டாம்.

இதன்பின் டிஎஃப்டிபி எளிது. # குறிகள் ஓடினால் கோப்பு வருகிறது. ஆங்கில T எழுத்து வரிசையாக வந்தால் டைம்-அவுட். கம்ப்யூட்டரின் ஃபயர்வாலில் யூடிபி 69 திறந்திருக்கிறதா பாருங்கள். கெர்னல், டிவைஸ் ட்ரீ, ராம்டிஸ்க் (ரேமில் ஏறும் தொடக்கக் கோப்புத் தொகுப்பு) மூன்றின் ரேம் முகவரிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஆபீஸ் நெட்வொர்க்கில் டிஹெச்சிபி கொடுத்தால் சர்வர் முகவரியாக ரூட்டரே பதிவாகி, கோப்பைக் கேட்டு ரூட்டரின் கதவைத் தட்டும்; கோப்பைத் தானாகக் கேட்கும் ஆட்டோலோடை 'நோ' என்று வைத்துவிட்டு, சர்வர் முகவரியைப் பிறகு கையால் எழுதுங்கள். மேனேஜ்டு ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ (இணைப்புகள் வளையமாகாமல் தடுக்கும் ஏற்பாடு) இயங்கினால் ஸ்விட்சின் போர்ட் திறக்க 30 நொடி ஆகலாம். அதற்குள் டிஹெச்சிபி களைத்துவிடும். அந்தப் போர்ட்டில், காத்திருக்காமல் திறக்கச் செய்யும் போர்ட்ஃபாஸ்ட் வையுங்கள்.

டிஎஃப்டிபிக்கு ஆள் அடையாளம் எதுவும் தெரியாது, யார் கொடுத்தாலும் வாங்கும். ஆகவே காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலைக்குப் போகும் போர்டில் நெட்வொர்க் வழியே பூட் ஆவதை அணைத்து, டிஜிட்டல் கையெழுத்திட்ட ஃபிட் இமேஜ் (கெர்னலும் டிவைஸ் ட்ரீயும் சேர்ந்த ஒரே கோப்பு) மட்டும் ஏறும்படி அமைத்துவிட்டு, சீரியல் கன்சோலில் யாரும் பூட் ஆவதை இடைமறிக்க முடியாதபடி பூட்-டிலேயை -2 என்று வைத்து அனுப்புங்கள்.