பழைய கையடக்கக் கேமராவில் அன்றாடப் படங்கள்

2008-ஆம் ஆண்டு வெளிவந்த கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ் போன்ற ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா பல வீடுகளின் அலமாரிகளில் இன்றும் தூங்கிக்கொண்டிருக்கிறது. 8 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், இரண்டு பென்சில் பேட்டரி என்பதே அதன் உள்ளடக்கம். ஆனால் 8 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ ஏ4 தாள் அளவுக்குத் தெளிவாக அச்சிடப் போதுமானது என்பதால், வீட்டு நிகழ்வுகளையும் தெருக் காட்சிகளையும் பதிவுசெய்ய அதைத் தயங்காமல் கையில் எடுக்கலாம்.

முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பஞ்சுக்குச்சியில் சிறிதளவு வினிகரைத் தொட்டு உலோக முனைகளைத் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகே புதிய பேட்டரியைப் போட வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண பென்சில் பேட்டரி, கேமரா ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விரைவில் ஓய்ந்துவிடும். மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளே இதற்கு ஏற்றவை. மெமரி கார்டைப் பொறுத்தவரை, இந்த மாடல் 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகளை, அதாவது அதிகக் கொள்ளளவுள்ள எஸ்டி கார்டுகளை, ஏற்கும். எஸ்டி கார்டு பயன்படுத்தும் 2006-க்கு முந்தைய பெரும்பாலான கேமராக்களுக்கு 2 ஜிபி அல்லது அதற்கும் குறைவான பழைய எஸ்டி கார்டுதான் வேண்டும். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துகொண்டு, தேதியையும் நேரத்தையும் சரியாக அமைத்துவிடுங்கள். பல ஆண்டுகள் கழித்துப் படங்களை வரிசைப்படுத்தும்போது அந்தத் தேதி எவ்வளவு உதவும் என்பது அப்போது விளங்கும்.

இத்தகைய கேமராவைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை, பொத்தானை அழுத்திய பின் தாமதித்துப் படம் எடுக்கிறது என்பது. அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி ஃபோகஸ் தேடுவதில் கழிகிறது. ஆகவே ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, கேமரா இருமுறை ஒலித்துத் திரையில் பச்சைக் கட்டம் தோன்றும்வரை காத்திருந்து, விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, குழந்தை சிரிக்கும் கணத்தில் மீதியை அழுத்தினால் படம் உடனே பதிவாகும். முகம் ஓரத்தில் வர வேண்டுமென்றால், முதலில் முகத்தை நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, பிறகு கேமராவை மெல்ல நகர்த்திச் சட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் கேமராவே மாறிவிட்டதுபோல் தோன்றும். மற்ற எதைக் கற்பதற்கு முன்பும் இதில் ஒரு வாரம் செலவிடும்படி உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது ஒளி. ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது ஆகையால், ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 80 முதல் 200 வரை படம் தெளிவாக இருக்கும், 400-இல் புள்ளிகள் தெரியத் தொடங்கும், 800-க்கு மேல் நிறங்கள் குழம்பும். எனவே தானியங்கி முறையை விட்டு, சில அமைப்புகளை நாமே மாற்ற இடம் தரும் 'பி' முறைக்கு மாறி, ஐஎஸ்ஓவை நீங்களே தீர்மானியுங்கள். வீட்டுக்குள் எடுக்கும்போது ஆளை ஜன்னலருகே அமரச் செய்வது எந்த அமைப்பையும்விட அதிகப் பலன் தரும். நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டியோ சுண்ணாம்புச் சுவரோ வெளிறிப்போகாமலிருக்க, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் அமைப்பை -1/3 அல்லது -2/3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருண்ட பகுதியைப் பின்னால் கணினியில் ஓரளவு மீட்கலாம், வெளிறிய பகுதியில் மீட்க ஒன்றும் இருக்காது.

ஜூமை முழுவதும் நீட்டும்போது லென்ஸின் துளை எஃப் 2.6-இலிருந்து எஃப் 5.5-ஆகச் சுருங்குகிறது (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்), அதாவது, உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. மாலை வேளையில் ஜூமை விட்டு இரண்டடி முன்னே நடப்பதே நல்லது. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூமை நிரந்தரமாக அணைத்துவிடலாம். ஃபிளாஷின் எட்டும் தூரம் சில மீட்டர்களே. கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கி அதை மின்னவைப்பதில் பயனில்லை. ஆனால் பகலில், மரநிழலில் நிற்பவரின் முகத்திலுள்ள கருநிழலை நீக்க அது மிக அழகாக உதவும்.

சூரியனையோ பளிச்சென்ற விளக்கையோ நோக்கும்போது திரையில் செங்குத்தாக ஊதா நிறக் கோடு தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது இந்தக் கேமராவிலுள்ள சிசிடி வகைச் சென்சாரின் இயல்பு. வீடியோவில் பதிவாகும், ஷட்டர் மூடுவதால் நிழற்படத்தில் பெரும்பாலும் வராது. வெயிலில் திரை தெரியாதபோது மேலே உள்ள சிறிய கண்ணாடித் துளை வழியே பாருங்கள். அருகிலுள்ள பொருளுக்கு மட்டும் அது காட்டும் சட்டம் சற்று விலகியிருக்கும்.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள்.