கட்டைவிரல் ஆபரேஷனுக்குப் பிறகு பனிச்சறுக்கு: கோலைக் கடைசியாக எடுங்கள்

பனிச்சறுக்கில் கட்டைவிரல் கெடுவதற்குப் பெரும்பாலும் கையிலிருக்கும் கோல்தான் காரணம். விழும்போது கோலை விடாமல் கையை ஊன்றுகிறோம். கைப்பிடி விரலிடுக்கில் சிக்கி, கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. கட்டைவிரலும் உள்ளங்கையும் சேரும் மூட்டில், ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்தில் இருக்கும் நார் அறுகிறது. டாக்டர்கள் இதை ‘ஸ்கீயர்ஸ் தம்ப்’ என்பார்கள்.

பாதி கிழிந்த நார் கட்டுப் போட்டாலே ஒட்டிவிடும். முழுதாக அறுந்த நாரின் நுனி பக்கத்துத் தசையின் சவ்வுக்கு மேலே போய் மாட்டிக்கொண்டால், எத்தனை வாரம் கட்டினாலும் ஒட்டாது. சுவீடனைச் சேர்ந்த பெர்ட்டில் ஸ்டேனர் 1962-இல் விவரித்த நிலை இது. அப்போது விரலெலும்பின் அடியில் நூல் கோத்த சிறிய ஆணி (ஆங்கர்) பதித்து, அதன் நூலால் நாரை இழுத்துக் கட்டுவார்கள். அந்த ஆபரேஷன் முடிந்து மறுபடி பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. உங்கள் சர்ஜன் சொல்லும் கணக்கு இதிலிருந்து மாறினால் அவர் சொல்வதே சரி.

வாரக் கணக்கு

தொடக்கத்தில் 4 முதல் 6 வாரம் மாவுக்கட்டு அல்லது ஸ்பிளின்ட் (மூட்டை அசையாமல் தாங்கும் கடினமான உறை). இந்த நாட்களில் நகத்தை ஒட்டிய மூட்டை மடக்கி நீட்டலாம் என்று பெரும்பாலும் சொல்வார்கள். சொன்னால் தவறாமல் செய்யுங்கள். விட்டால் மேல்பக்கத் தசைநாண் தழும்போடு ஒட்டிக்கொண்டு விரல் நுனி மடங்காது. சுமார் 6-ஆவது வாரத்திலிருந்து அடிமூட்டை மடக்கப் பழக்குவார்கள். 8-ஆவது வாரத்தை ஒட்டி புட்டி, நுரைப்பந்து வைத்துப் பிடிப்புப் பயிற்சி தொடங்கும். தடையில்லாத விளையாட்டுக்கு 3 முதல் 4 மாதம் ஆகும். பழைய காயத்துக்கு வேறு இடத்து நாண் எடுத்து வைத்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். மூட்டுக்குக் குறுக்கே கம்பி இருந்தால், அதை எடுக்கும்வரை பனிப்பக்கமே போக வேண்டாம்.

ஆல்ப்ஸ் சீசனோடு பொருத்திப் பார்த்தால், நவம்பரில் ஆபரேஷன் ஆனவர் மார்ச்சில் இறங்க வாய்ப்பு உண்டு. பிப்ரவரியில் ஆனவருக்கு அந்த வருஷம் முடிந்தது. அவசரப்பட்டு ஈஸ்டர் வாரத்துக்கு டிக்கெட் போட வேண்டாம்.

காத்திருக்கும் மாதங்களில் காலைப் பழக்குங்கள். சுவரில் சாய்ந்து நாற்காலிபோல் உட்காருவது, ஒற்றைக்காலில் நிற்பது, படி ஏறுவது போதும். இவற்றுக்குக் கை தேவையே இல்லை. தொடை சோர்ந்தால் விழுவோம், விழுந்தால் கையைத்தான் ஊன்றுவோம்.

கை தயாரா?

வாரக் கணக்கு முடிந்தால் மட்டும் போதாது. மூட்டின் உட்புறத்தை அழுத்தினால் வலி இருக்கக் கூடாது. மூட்டு ஆடுகிறதா என்பதை டாக்டர் சோதிக்கட்டும், வீட்டில் இழுத்துப் பார்க்காதீர்கள். சாவியைப் பிடிப்பதுபோல் அழுத்தும் பலம், மானியில் அளந்தால், மற்றக் கையின் பலத்தில் 80 சதவீதத்துக்குமேல் வருவது நல்லது. வீட்டுச் சோதனைக்கு ஈரத்துண்டைப் பிழியலாம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கலாம். மறுநாள் காலையும் மூட்டு வீங்காமல் இருந்தால்தான் தேறியதாகக் கணக்கு.

ஸ்பிளின்ட்

மலைக்கென்று தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள். மணிக்கட்டைத் தொடாமல் கட்டைவிரலின் அடியையும் அடிமூட்டையும் சுற்றி நிற்க வேண்டும். நகத்தை ஒட்டிய மூட்டு வெளியே இருக்க வேண்டும். சூடான நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டில் ஹேண்ட் தெரபிஸ்ட் இதை வார்ப்பார்.

அவரிடம் போகும்போது மூன்று பொருளை எடுத்துப்போங்கள்: உள்ளே போடும் மெல்லிய கிளவுஸ், மலையில் போடப்போகும் மிட்டன் (நான்கு விரலும் ஒன்றாக நுழையும் கையுறை), ஒரு கோல். கிளவுஸ் போட்ட கையில் கோலைப் பிடித்தபடி வார்த்தால்தான் ஸ்பிளின்ட் உதவும். வெறுங்கையில், விரலை நீட்டிவைத்து வார்த்த ஸ்பிளின்ட் கைப்பிடியைச் சுற்றிப் போகாது. மிட்டனுக்குள் நுழையாமல் கடைசியில் பையிலேயே கிடக்கும். வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிய மிட்டன் தேவைப்படலாம்.

வெல்க்ரோவில் பனித்தூள் ஏறினால் பிடிக்காது, அதனால் மேலே விளையாட்டு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் சீக்கிரம் உறையும். இரவில் மிட்டனை பூட்ஸ் காயவைக்கும் மெஷினிலோ ஹீட்டர்மேலோ போடும்போது ஸ்பிளின்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள். அது மறுபடி இளகி வடிவம் மாறினால் சரிசெய்ய ஆள் அங்கே இருக்கமாட்டார்.

கோலும் பட்டையும்

முதல் நாள் கோலே வேண்டாம். எளிதான நீலப் பாதையில் கோல் இல்லாமல் நன்றாகவே இறங்கலாம். பயிற்சியாளர்களே அப்படி ஓட்டச் சொல்வதுண்டு. கைகளை முன்னால், இடுப்பு உயரத்தில் வைத்து, கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டிவையுங்கள்.

கோல் எடுக்கும் நாளில் மணிக்கட்டுப் பட்டையை மாட்டாதீர்கள். பட்டை இல்லாத கோலை விழும்போது விட்டுவிடலாம்; பட்டை இருந்தால் கையை விட்டாலும் கைப்பிடி உள்ளங்கையிலேயே கிடக்கும். பட்டையைக் கழற்றிவைப்பதோ வெட்டிவிடுவதோ, அதைக் கோலோடு சுற்றிப் பிடிப்பதைவிட மேல். சுற்றிய பட்டை அவிழ்ந்து விரலில் மாட்டும். இழுத்தால் தானே விடுபடும் பட்டைகள் லெக்கி போன்ற கம்பெனிகளிடம் உண்டு. கோல் தொலைந்துவிடுமே என்று பயப்படுபவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் பட்டை விடுபட்ட பிறகும் கைப்பிடியை விட வேண்டியது நீங்கள்தான். விழும்போது கையை மூடுவது உடம்பின் இயல்பு, அதை மாற்றப் பழக்கம் வேண்டும். வீட்டில் மெத்தைமேல் முழந்தாளிட்டு, கோலைப் பிடித்தபடி பக்கவாட்டில் சாய்ந்து, உடம்பு மெத்தையைத் தொடும் முன் விரல்களைத் திறந்துவிடுங்கள். யோசிக்காமல் வரும்வரை செய்யுங்கள்.

ஆழமான புதுப்பனியிலும் மரங்களுக்கு நடுவிலும் அந்த சீசன் முழுக்கப் போக வேண்டாம். அங்கே கோல் புதையும், கிளையில் மாட்டும். உடம்பு முன்னே போக, கை பின்னால் இழுபடும்.

சறுக்காத நேரத்தில்தான் ஆபத்து

பூட்ஸின் உள்நாக்கை இழுப்பது கட்டைவிரலுக்கு அன்றைய நாளின் மிகப் பெரிய சுமை. குளிர்ந்த பூட்ஸ் கல்லாக இருக்கும், ராத்திரி அறைக்குள்ளேயே வையுங்கள். பக்கிளை விரலால் இழுக்காமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி மூடுங்கள். பூட்ஸை ஸ்கீயோடு (சறுக்குப் பலகையோடு) பூட்டும் பைண்டிங்கைத் திறக்க மற்றக் கால் பூட்ஸால் மிதித்தால் போதும். ஸ்கீயைத் தோளில் வைத்துச் சுமங்கள், கையிடுக்கில் தொங்கவிட வேண்டாம்.

நாற்காலி லிஃப்ட்டின் கம்பியை முன்கையால் தூக்குங்கள். கயிற்றைப் பிடித்து ஏறும் லிஃப்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். டி-பார் (பின்னால் வைத்து இழுத்துச்செல்லும் லிஃப்ட்) என்றால் நல்ல கையால் பிடியுங்கள். சுவிஸிலும் நோர்வேயிலும் குடும்பமாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று: குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினால் இரண்டு கட்டைவிரலும் விரிந்தே தூக்கும், அறுந்த நாருக்கு அதே திசையில் இழுப்பு. வேறு யாராவது தூக்கட்டும்.

விழுந்து எழும்போது விரித்த உள்ளங்கையை ஊன்றாமல் முஷ்டியை ஊன்றுங்கள். முடியாவிட்டால் ஸ்கீயைக் கழற்றிவிட்டு எழுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் நாட்கள்

காலையில், சீராகச் சமன்செய்த பனியில் போங்கள். மதியத்துக்குமேல் பனி மேடுபள்ளமாகும், காலும் சோரும். முதல் நாள் இரண்டு மணிநேரம் போதும். அதில் முதல் 20 நிமிடம் சமதளத்தில், கைதேராதவர்கள் ஏறும் நகரும் கம்பளத்துப் பக்கமாக. இரண்டாம் நாள் அதே பாதையில் கொஞ்சம் கூடுதல் நேரம். மூன்றாம் நாள் பட்டையில்லாத கோல். அதைவிடக் கடினமான சிவப்புப் பாதை அதற்குப் பிறகுதான், அதுவும் அன்று காலை மூட்டு சாதாரணமாக இருந்தால். காலையில் வீக்கமோ புது விறைப்போ தெரிந்தால் ஒரு நாள் ஓய்வு, பிறகு ஒரு படி கீழிருந்து தொடக்கம்.

ஆபரேஷன் வெட்டுக்குப் பக்கத்தில் ஓடும் உணர்வு நரம்பின் கிளை சற்று அடிபட்டிருந்தால், விரலின் மேல்பக்கம் மரத்தோ கூச்சமாகவோ இருக்கும். மரத்த தோலுக்குக் குளிர் உறைப்பது தெரியாது. ஒவ்வொரு லிஃப்ட் பயணத்திலும் மிட்டனைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளுத்துப் போயிருந்தால் உள்ளே போய்ச் சூடேற்றுங்கள். கை சூடேற்றும் பொட்டலத்தை மரத்த தோலில் நேராக வைக்காதீர்கள், சுடுவது தெரியாமல் கொப்புளம் வரும்.

மூட்டில் ‘டக்’ என்று சத்தம், திடீரென்று பலமின்மை, சாவி பிடிக்க முடியாமை, உட்புறத்தில் புதுக் கட்டி, இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி, ஸ்பிளின்ட்டை மாட்டியபடி டாக்டரிடம் போங்கள். மறுபடி அறுந்திருந்தால் முதல் சில வாரத்துக்குள் சரிசெய்வது, மாதங்கள் கழித்துச் சரிசெய்வதைவிட எளிது. கிளம்பும் முன் பயணக் காப்பீட்டில் இந்த ஆபரேஷனைத் தெரிவித்துவிடுங்கள். மறைத்திருந்தால் இந்தச் செலவைத் தர மறுக்கலாம்.