லோயர் ஆர்ம் புஷ்: கவனிக்க வேண்டியவை

ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்கிறதா? பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) பின்பக்க புஷ்ஷையும் (அந்த மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) பார்த்துவிடுங்கள்.

ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். புஷ் அருகே லிவர் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அசைவது இயல்பு. மேலாக ஓடும் மயிரிழை விரிசலுக்கும் பதற வேண்டாம். நடுவிலுள்ள இரும்புக் குழாயை விட்டு ரப்பர் பிரிந்து, டார்ச் அடித்தால் பிறை போல இடைவெளி தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். சில புஷ்களில் கம்பெனியே துளை விட்டிருக்கும். அதன் ஓரம் வழவழப்பாக இருக்கும், கிழிசல் சொரசொரப்பாக.

கிரீச் சத்தத்துக்கு டீசல், கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். சிலிக்கான் ஸ்பிரே போதும்.

பழையதைக் கழற்றுமுன் அது இருந்த திசையை மார்க் செய்யுங்கள். ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே. ஆர்ம் தொங்கும்போதே முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். பட்டறைகளில் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.