பிளக் பொருந்தினால் போதாது: பல கன்சோலுக்கு ஒரே கண்ட்ரோலர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் பரணில் கிடக்கும் பழைய டிவி கேம் பெட்டிகளில் முக்கால்வாசி நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அவற்றில் பலவற்றின் 9 பின் சாக்கெட்டும், செகா மெகா டிரைவின் சாக்கெட்டும், அட்டாரி 2600இன் சாக்கெட்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றின் பிளக் மற்றொன்றில் சிக்கென்று உட்காரும். பல கன்சோலுக்கும் ஒரே கண்ட்ரோலர் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

மெகா டிரைவில் 5 வோல்ட் வருவது 5ஆம் பின்னில். 7ஆம் பின், எந்தப் பட்டன் தொகுதியைப் படிப்பது என்று கன்சோல் அனுப்பும் செலக்ட் சிக்னல். அட்டாரியிலோ 5 வோல்ட்டே 7ஆம் பின்னில்தான் வருகிறது. கிரவுண்ட் மட்டும் இரண்டிலும் 8. நகல் பெட்டிகள் வேலை செய்யும் முறை வேறு: லாட்ச் (பட்டன் நிலையைப் பிடித்து வைக்கச் சொல்வது), கிளாக் (அடுத்த பிட்டைக் கேட்கும் துடிப்பு), டேட்டா (அதற்கான பதில்) என்று கோடுகள். எது எந்தப் பின்னில் என்பதும் பெட்டிக்குப் பெட்டி மாறும். இணையத்தில் கிடைத்த படத்தை நம்பியோ, சிவப்பு வயர் என்றால் 5 வோல்ட் என்று நினைத்தோ சால்டரிங் அயனைத் தொடாதீர்கள்.

வெறும் வோல்ட் மீட்டரும் இங்கே ஏமாற்றும். உள்ளே புல்-அப் ரெசிஸ்டர் (கோட்டை 5 வோல்ட்டோடு இணைத்து வைப்பது) இருந்தால் டேட்டா பின்னும் 5 வோல்ட் அருகில்தான் காட்டும். பெட்டியை அணைத்து, மின்சாரத்தைப் பிடுங்கி, மூடியைத் திறந்து 7805 ரெகுலேட்டரை (5 வோல்ட் தரும் மூன்று கால் ஐசி) தேடுங்கள். எழுத்துப் பக்கம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி வைத்தால் நடுக்கால் கிரவுண்ட், வலது கால் 5 வோல்ட். மல்டிமீட்டரை பீப் முறையில் வைத்து, அந்த இரண்டு கால்களிலிருந்தும் சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னுக்கும் பாருங்கள். வலது காலோடு பீப் தரும் பின்தான் பவர், நடுக்காலோடு பீப் தரும் பின்தான் கிரவுண்ட்.

அடுத்த பெரிய தவறு, எல்லாக் கன்சோலையும் 5 வோல்ட் என்று நினைப்பது. ஃபேமிகாம், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், சாட்டர்ன் ஆகியவை 5 வோல்ட். நின்டெண்டோ 64, பிளேஸ்டேஷன் 1, 2 ஆகியவற்றின் சிக்னல் 3.3 வோல்ட் அளவு. கண்ட்ரோலருக்குள் பலர் வைக்கும் சிறிய புரோகிராம் போர்டான ராஸ்பெரி பை பிக்கோவின் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. நேராகக் கொடுத்தாலும் சில நாள் ஓடும். அதனால்தான் பலர் சரியென்று விட்டுவிடுகிறார்கள். இடையில் பிஎஸ்எஸ்138 லெவல் ஷிஃப்டர் (5 வோல்ட் சிக்னலை 3.3 வோல்ட்டாக மாற்றும் போர்டு) போடுங்கள். நின்டெண்டோ 64இன் டேட்டா, பிளேஸ்டேஷனின் டேட்டா, ஏசிகே (ACK, பெற்றுக்கொண்டேன் என்ற பதில்) ஆகிய கோடுகளை கிரவுண்டுக்கு இழுக்கலாம் அல்லது இன்புட்டாக மாற்றி விட்டுவிடலாம். நாமாக வோல்ட் கொடுத்து ஹை என்று தள்ளவே கூடாது. பிளேஸ்டேஷனின் 3ஆம் பின்னில் அதிர்வு மோட்டாருக்கான 7.5 வோல்ட் அளவு வருகிறது. மோட்டார் வைக்கவில்லை என்றால் அந்த வயரை வெட்டி, முனையில் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிவிடுங்கள்.

கண்ட்ரோலரிலிருந்து வரும் பொதுக் கேபிளுக்கு நெட்வொர்க் ஜாக்கை எடுப்பவர்கள் உண்டு. அதில் 8 வயர்தான். மெகா டிரைவுக்கு 9 வயரும் வேண்டும். பழைய விஜிஏ கேபிளும் உதவாது, 15 பின் இருந்தாலும் கிரவுண்ட் வயர்கள் பெரும்பாலும் உள்ளேயே ஒன்றாக இணைந்திருக்கும். இரண்டு வரிசை 15 பின் டி-சப் எடுங்கள். சிக்னலுக்கு 7 பின்; 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் தனித்தனிப் பின்; மிச்சத்தில் 3 பின் கேபிள் அடையாளத்துக்கு. ஒவ்வொரு கன்சோல் கேபிளின் மூடிக்குள்ளும் அந்த மூன்றில் சிலவற்றை கிரவுண்டோடு சேர்த்துவிட்டால், எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்று சிப்புக்குத் தெரியும். புரோகிராமில் இதைப் படித்து முடிக்கும் வரை எந்தப் பின்னையும் அவுட்புட் ஆக்கக் கூடாது. கேபிள் மாற்றும்போது கன்சோல் அணைந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் புரோகிராமிலேயே செய்ய நினைப்பதும் வீண் வேலை. சூப்பர் நின்டெண்டோ 12 மைக்ரோ செகண்டுக்கு ஒரு பிட் கேட்கிறது. 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ போர்டில் ஒரு பின்னை மாற்றும் டிஜிட்டல்ரைட் கட்டளைக்கே 4 மைக்ரோ செகண்ட் அளவு போய்விடும். பட்டன் நிலைகளை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் 4021 ஐசி இரண்டு போட்டால் ஃபேமிகாம், சூப்பர் நின்டெண்டோ இரண்டும் முடிந்தது. மூன்று பட்டன் மெகா டிரைவுக்கு, இரண்டு தொகுதியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 74எச்சி157 ஐசி போதும். நின்டெண்டோ 64இல் ஒரு பிட்டே 4 மைக்ரோ செகண்ட்தான். அதற்கு, பின்களைத் தனியாகவே இயக்கும் பிக்கோவின் பிஐஓ (PIO) பகுதி பொருத்தம்.

4021இன் ஒவ்வொரு இன்புட்டுக்கும் 5 வோல்ட்டுக்கு 10கே ரெசிஸ்டர் கட்டாயம். பயன்படாத இன்புட்டையும் 5 வோல்ட்டில் கட்டுங்கள். அந்தரத்தில் விட்டால் யாரும் அழுத்தாத பட்டன் தானே அழுந்தும். ஒவ்வொரு ஐசியின் பவர் காலருகே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. இதெல்லாம் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சில்லறைக் காசில் முடியும்.

பட்டன் துள்ளலை (ஒரே அழுத்தல் பல முறை பதிவாவதை) தடுக்க 20 மில்லி செகண்ட் காத்திருக்கச் சொல்லும் புரோகிராம்கள் நிறைய. பால் (PAL) டிவி முறையில் ஒரு ஃபிரேமே 20 மில்லி செகண்ட்தான். நீங்கள் அழுத்தியது ஒரு ஃபிரேம் தாமதமாகப் போய்ச் சேரும். முதல் தொடுதலை உடனே ஏற்றுக்கொண்டு, அதன்பின் 5 மில்லி செகண்ட் மட்டும் கண்டுகொள்ளாமல் இருங்கள். திசைக்கும் தனிப் பட்டன் வைத்தால் இடது, வலது சேர்ந்து அழுந்தும். சில பழைய கேம்கள் அதில் குழம்பும், புரோகிராமிலேயே தடுத்துவிடுங்கள்.

கன்சோலும் லேப்டாப் யூஎஸ்பியும் ஒரே நேரத்தில் 5 வோல்ட் கொடுக்கக் கூடாது. இரு வழியிலும் தனித்தனி 1என்5819 டையோடு போடுங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரில் லேப்டாப் ஓடினால் அதன் லீக்கேஜும் கன்சோலுக்குள் வரும். புரோகிராம் ஏற்றும்போது சார்ஜரைக் கழற்றுங்கள்.

கண்ட்ரோலரின் பெட்டி விஷயத்தில் இரண்டு. 30 மி.மீ. கிளிப் பட்டன் 12 மி.மீ. பிளைவுட்டில் பிடிக்காது, மரத்துக்கு மரை போட்ட பட்டன் வாங்குங்கள். ஜப்பான் வகைப் பட்டனின் முனை 2.8 மி.மீ.; டூவீலர் வயரிங் கடையில் கொடுப்பது பெரும்பாலும் 6.3 மி.மீ., தளர்ந்து கழன்றுவிடும்.

கேபிள் வெளியேறும் இடத்தை ஹாட் குளூவால் மட்டும் ஒட்டாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அது இளகிவிடும், ஒரு இழுப்பில் சால்டர் பிய்ந்து வரும். உள்பக்கம் கேபிள் டை கட்டி, ஸ்குரூ போட்ட கிளாம்பில் பிடித்துவிடுங்கள்.