எக்ஸ்ஆர்டி சோதனைக்குத் தூள் மாதிரியைத் தயார் செய்வது எப்படி?

ஆம்பூர், குடியாத்தம், இராணிப்பேட்டை என்று வட ஆற்காட்டின் பல ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் தாங்கள் தயாரித்த தூளை எடுத்துக்கொண்டு வேலூருக்கு, பல்கலைக்கழகப் பொருளறிவியல் ஆய்வு மையத்தைத் தேடி வருகிறார்கள். எக்ஸ்ஆர்டி என்பது தூளின் மீது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, அது எந்தெந்தக் கோணத்தில் சிதறுகிறது என்ற வரைபடத்திலிருந்து படிக அமைப்பை அறியும் சோதனை. கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சரியாக அரைக்காத தூளிலிருந்து நல்ல வரைபடம் வராது. ஆகவே கல்லூரியிலேயே செய்துகொண்டு வரவேண்டிய வேலையை முதலில் சொல்கிறேன்.

ஆக்சைடு தூள் என்றால் 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இதைத் தவிர்க்கவே கூடாது. படிகநீர் உள்ள பொருளைச் சூடேற்றாதீர்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 110 டிகிரியை எட்டுவதற்குள் ஐந்து நீர் மூலக்கூறுகளில் நான்கை இழந்து வேறு படிகமாகிவிடும்.

பிறகு அகேட் என்ற கடினக் கல்லால் ஆன கல்வத்தில், சில துளி எத்தனால் விட்டு, அழுத்தாமல் வட்டமாக அரையுங்கள். தொடக்கத்தில் கேட்கும் நறநறப்பு மெல்லமெல்ல அடங்கி, தூள் கோலமாவை விடவும் மென்மையாகிக் கல்வத்தின் சுவரில் ஒட்டத் தொடங்கும். துகள்கள் 10 மைக்ரானுக்குக் கீழே இருப்பது நல்லது. அளவுக்கு மீறி இடித்தால் படிகத்திலேயே திரிபு ஏற்பட்டு வரைபடத்தின் முகடுகள் அகன்றுவிடும்.

மையத்தில் தூளை மாதிரித் தாங்கியின் குழியில் நிரப்பிக் கண்ணாடித் தகட்டால் சமன் செய்யும்போது அருகிலேயே நில்லுங்கள். தூளின் மேற்பரப்பு தாங்கியின் விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். மாதிரிக்கும் உணரிக்கும் இடையிலான ஆரம் 200 மில்லிமீட்டர் உள்ள கருவியில், மேற்பரப்பு 0.1 மில்லிமீட்டர் தாழ்ந்தாலே முகடுகள் ஏறத்தாழ 0.05 டிகிரி கீழ்க்கோணத்துக்கு நகரும். நான் மாணவனாக இருந்தபோது இப்படி நகர்ந்த முகட்டை அணிக்கோவை விரிவு, அதாவது படிகத்தில் அணுக்களின் இடைவெளி கூடியது, என்று நம்பி, ஒரு வாரம் அதற்கு விளக்கம் எழுதினேன். மட்டம் பார்த்து மறுபடி எடுத்த வரைபடத்தில் அந்த நகர்வே இல்லை.

அடுத்தது முகட்டின் அகலத்திலிருந்து படிக அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாடு: படிக அளவு = 0.9 × அலைநீளம் ÷ (முகட்டின் அகலம் × பாதிக் கோணத்தின் கொசைன்). தவறுகள் அதிகம் நுழைவது இங்கேதான். கருவியில் தாமிரத்திலிருந்து வரும் எக்ஸ்-கதிரின் அலைநீளம் 0.15406 நானோமீட்டர். துத்தநாக ஆக்சைடின் 36.25 டிகிரி முகடு 0.40 டிகிரி அகலம் கொண்டது, கருவியால் வரும் அகலத்தை அதிலிருந்து கழித்தாயிற்று என்று கொள்வோம். அகலத்தை ரேடியனுக்கு மாற்றி, 36.25இல் பாதியான 18.125 டிகிரிக்குக் கொசைன் எடுத்தால் படிக அளவு சுமார் 21 நானோமீட்டர். ரேடியனுக்கு மாற்ற மறந்தால் 0.36 வரும், அது அந்தப் படிகத்தின் ஓர் அலகுக்கூட்டின் (மீண்டும் மீண்டும் அடுக்கப்படும் மிகச் சிறிய கட்டத்தின்) உயரமான 0.52 நானோமீட்டரை விடவும் சிறியது என்பதால், பிழை உடனே கண்ணில் படும். கோணத்தைப் பாதியாக்க மறந்தால் கிடைப்பதோ 25. பார்த்தவுடன் யாருக்கும் ஐயம் எழாத எண் அது, அப்படியே ஆய்வேட்டில் ஏறிவிடும். எனவே பாதிக் கோணத்தை அட்டவணையில் தனிப் பத்தியாக எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகே கொசைன் எடுங்கள்.